சத்தம் நின்ற ஊர்

2003 நவம்பர் 12, புதன்கிழமை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் காலையிலிருந்து மழை பெய்தது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள்.

பிரவீனாவின் ராஜ்யம் அன்று மூன்றாவது முறையாகக் கவிழ்ந்தது.

"செத்துட்டியா?" என்றான் அண்ணன் சிட்டிபாபு, கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமல்.

"நான் சாவல. கிழக்கு ஊரு எரிஞ்சு போச்சு. யாருமே எங்கிட்ட சொல்லல."

அவள் கையில் இருந்தது சோப்புப் பெட்டி அளவுள்ள ஒரு விளையாட்டுக் கருவி. அதன் திரை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. சிட்டிபாபு சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். கம்ப்யூட்டரில் ஆடும் ஒரு பெரிய ராஜா விளையாட்டை இந்தச் சின்னக் கருவிக்குள் கொண்டுவருவதுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. அதை வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தான்.

கம்ப்யூட்டரில் அது அழகான விளையாட்டு. மொத்தம் ஐந்து ஊர்கள். ராஜா ஏரி வெட்ட வேண்டும், நெல் சேர்க்க வேண்டும், பக்கத்து நாட்டோடு சமாதானம் பேச வேண்டும். பேச்சு முறிந்தால் படை அனுப்ப வேண்டும். பெரிய திரையில் ஐந்து ஊரும் ஒன்றாகத் தெரியும். சின்னத் திரையில் ஒரு நேரத்துக்கு ஓர் ஊர்தான் தெரிந்தது. மேற்கு ஊரில் ஏரி வெட்டிக்கொண்டிருக்கும்போதே கிழக்கு ஊர் சாம்பலாகிவிடும்.

"மூலையில மேப் வெச்சிருக்கேன் இல்ல? அதைப் பாரேன்."

"அது மேப்பா? கொசுவை நசுக்கின மாதிரி இருக்குது."

சிட்டிபாபு சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கம்பெனியில் இதைக் காட்ட வேண்டும். ஆடிப் பார்த்த எல்லோரும் இதே இடத்தில்தான் கருவியைக் கோபமாகக் கீழே வைத்தார்கள். சரிசெய்யாவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம், நீயும் வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அம்மா மேரிக்கு இது தெரியாது. பிரவீனாவுக்குத் தெரியும்.

"ஆபத்துன்னு எழுத்துல போடு."

"போட்டேன். திரை பூரா எழுத்துதான். ஊரே தெரியல."

"மணி அடி."

"அடிச்சேன். எந்த ஊருக்கு அடிக்குதுன்னு தெரியாம ஆடறவன் பயந்துட்டான்."

பிரவீனா நான்காவது ஆட்டத்தைத் தொடங்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கோதண்டபாணியின் தறி ஓடிக்கொண்டிருந்தது. டக்... டடக். டக்... டடக். அந்த வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். பிரவீனாவுக்கு அவரைப் பிடிக்காது. அவர் வாசலில் விழுந்த அவளுடைய பந்தை எடுத்து வைத்துக்கொண்டு திருப்பித் தரவேயில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையைத் தூக்கினாள்.

"அண்ணா, தறி நின்னு போச்சு."

"மழை இல்ல? ஈரத்துல பாவு நூலு ஒட்டிக்கும். நிறுத்தியிருப்பாரு."

"நிறுத்தினா ரேடியோ போடுவாரு. போடல."

"போன வாரமும் இதையேதான் சொன்னே."

அது உண்மைதான். போன வாரமும் இப்படித்தான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். அவர் கொல்லையிலிருந்து ஈரக் காலோடு வந்தார். "நான் செத்தா தெருவுக்கே தெரியும். நீ வந்து காவல் காத்துக்கினு நிக்காதே, போ!" என்று கத்தினார். எதிர்வீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிட்டிபாபுவும் சிரித்தான்.

பிரவீனா மறுபடி குனிந்தாள். வடக்கு ஊரில் ஏரி உடைந்துகொண்டிருந்தது. வெளியே மழை தகரத்தில் விழுந்தது. தறிச் சத்தம் இல்லை. ரேடியோவும் இல்லை. அவள் கருவியைக் கவிழ்த்து வைத்தாள்.

"திட்டு வாங்கப் போறே," என்றான் சிட்டிபாபு.

"வாங்கிக்கறேன்."

குடையை அம்மா வேலைக்கு எடுத்துப் போயிருந்தாள். பிரவீனா ஒரு பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். தெருத் தண்ணீர் கோதண்டபாணியின் வாசற்படியைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. கதவைத் தட்டினாள். பதில் இல்லை. தள்ளினாள்.

தறிக்குக் கீழே, கால் வைத்து மிதிக்கும் குழி இருக்கும். அது நிறையத் தண்ணீர் நின்றது. குழிக்குள் மார்பளவு தண்ணீரில் கோதண்டபாணி விழுந்து கிடந்தார். ஏற முயன்றபோது வழுக்கி, மிதிப்பலகையின் கயிற்றில் கால் மாட்டிக்கொண்டிருந்தது. உதடு நடுங்கியது.

"கூப்பிட்டுக்கினேதான் இருக்கறேன்," என்றார். குரல் பக்கத்தில் நின்றவளுக்கே லேசாகத்தான் கேட்டது.

பிரவீனா ஓடிப்போய்ச் சுவரில் இரண்டு கையாலும் அடித்தாள். "அண்ணா! வாண்ணா! சீக்கிரம்!"

சிட்டிபாபு வந்து, தறியோரம் கிடந்த கத்தியோடு தண்ணீருக்குள் கையை விட்டுக் கயிற்றை அறுத்தான். இருவருமாக அவரை இழுத்து மேலே போட்டார்கள். அவருடைய வலது பாதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் முதலில் கேட்டது காலைப் பற்றி அல்ல.

"பாவு நனைஞ்சுதா?"

"கொஞ்சம்தான் மாமா," என்றாள் பிரவீனா. முழுவதும் நனைந்திருந்தது.

ஆட்டோவில் ஏற்றும்போது அவர் அவளைப் பார்த்தார். "உன் பந்து அலமாரி மேல இருக்குது. எடுத்துக்கோ."

அன்று இரவு சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருப்பதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

"உனக்கு எப்படிமா தெரிஞ்சுது?" என்று மேரி கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. தறி ஓடினா மாமா நல்லா இருக்காருன்னு நெனப்பேன். கவனிக்கக்கூட மாட்டேன். நின்னாதான் காதுல கேக்குது."

சொல்லிவிட்டு அவள் அண்ணனைப் பார்த்தாள். "உன் ஊருங்க நல்லா இருக்கறப்போ ஏன்ணா சத்தமே போட மாட்டேங்குது?"

சிட்டிபாபு கையில் எடுத்த சோற்றை மறுபடி தட்டில் வைத்தான்.

மறுநாள் அவன் ஐந்து ஊருக்கும் ஐந்து சத்தம் வைத்தான். மேற்கில் மண்வெட்டி. கிழக்கில் சுத்தியல். வடக்கில் மாட்டு மணி. தெற்கில் மாவு அரைக்கும் சத்தம். நடு ஊருக்குத் தறி. எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்க அந்தக் கருவியால் முடியாது. அதனால் ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாக வரும்படி செய்தான். ஆபத்து வந்த ஊர் பேசாமல் இருந்துவிடும். அவ்வளவுதான்.

"மேப் எங்கண்ணா?"

"எடுத்துட்டேன். ஆடு."

பிரவீனா மேற்கு ஊரில் ஏரி வெட்டினாள். மண்வெட்டி, சுத்தியல், மணி, மாவு, தறி. மண்வெட்டி, சுத்தியல், மணி, மாவு, தறி. மண்வெட்டி...

"கிழக்கு!" என்று அவள் கட்டைவிரலை நகர்த்தினாள். ஒரு வீடுதான் பற்றியிருந்தது. அணைத்துவிட்டாள்.

கடைசியில் அந்த ஆட்டத்திலும் அவள் தோற்றாள்.

"இப்போ இன்னா ஆச்சு?" என்றான் சிட்டிபாபு பயத்தோடு.

"நெல்லு தீர்ந்து போச்சு. தெரிஞ்சேதான் தோத்தேன். இன்னொரு ஆட்டம் ஆடறேன்."

வெள்ளிக்கிழமை மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து சத்தத்தையும் கேட்டார். சிட்டிபாபுவை வேலையில் வைத்துக்கொண்டார்கள். சம்பளம் ஏறவில்லை. வெளிநாட்டில் தறிச் சத்தம் யாருக்கும் புரியாது என்று சொல்லி, அதை மட்டும் முரசாக மாற்றிவிட்டார்கள். கோதண்டபாணியின் தறியில் இருந்த சேலை கறை பிடித்துப்போனது. அதை அறுத்து எடுத்துவிட்டார்கள்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் சாயங்காலம், சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடியது. முன்பைவிட மெதுவாக, நடுவில் நின்று நின்று ஓடியது. பிரவீனா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தறி நின்றது. அவள் தலையைத் தூக்கினாள்.

ரேடியோ பாடியது. அவள் மீதிக் கணக்கைப் போட்டாள்.