மீன்தொட்டிக்குப் புது ட்யூப்லைட்

சாந்தோமில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஆஸ்வினுக்குக் கால் வீங்கியிருந்தது. தி. நகரில் வீடு வீடாகப் படியேறி வாட்டர் ஃபில்டர் விற்கிற வேலை. இன்றைக்கு ஒருத்தர்கூட கதவை முழுசாகத் திறக்கவில்லை. நாகர்கோவிலை விட்டு மெட்ராஸுக்கு வந்ததிலிருந்து அக்கா மர்சலின் வீட்டில்தான் ஜாகை. பேப்பர் சுற்றிய குட்டி ட்யூப்லைட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அதோடு வாங்கிய சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்துக்குள் நடந்தான். மழைக்கு முந்தைய புழுக்கம். கடல் காற்றில் கருவாட்டு வாடை.

அத்தான் ஆம்ப்ரோஸின் உயிர் போனது வீட்டு மீன்தொட்டியில்தான். தகரத்தை வளைத்து அவரே மூடி செய்து, அதற்குள் ட்யூப்லைட்டையும் சோக்கையும் மாட்டியிருந்தார். எர்த் கிடையாது. அந்த வீட்டில் மீனுக்குக் கையால்தான் இரை ஊட்டுவார்கள். விரல் நுனியைச் சுற்றி வட்டமாக நின்று கொத்தித் தின்னும். ஒரு கையைத் தண்ணீரில் விட்டு ஊட்டிக்கொண்டே மறுகையால் மூடியைப் பிடித்தார். அவ்வளவுதான்.

"யாருக்காவது குடுத்துத் தொலைச்சிடலாம்டா," என்றாள் மர்சலின் இன்றைக்குக் காலையில், தொட்டியைக் காட்டி.

"அது அப்பா மீனு!" என்று மகள் ஜெசிகா தட்டைத் தள்ளிவிட்டாள். அவளும் அப்பா மாதிரியே ஊட்டிப் பழகியவள்.

கடைசியில் மர்சலின் இறங்கி வந்தாள். ஆபத்தில்லாத லைட் கிடைத்தால் தொட்டி இருக்கட்டும். இல்லையென்றால் நாளைக்கே வெளியே.

பாண்டி பஜார் பக்கம் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த காதர், மத்தியானம் ஆஸ்வின் சொன்ன கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"தகர மூடிக்குள்ள சோக்கா? யாரு நைனா அந்த மகராசன்? தண்ணி ஆவி ஏறி உள்ள வேர்த்துக்கினே கீது. கரண்ட்டு அப்டியே தகரத்துல ஏறாதா?"

ஆஸ்வின் சட்டைப் பையிலிருந்த ரூபாயை எண்ணினான்.

"இந்தா, பிளாஸ்டிக் மூடி. ட்யூப்பு முனைக்கு ரப்பர் தொப்பி. சோக்கை வெளியே சுவத்துல மாட்டு. தண்ணிக்கும் லைட்டுக்கும் நடுவுல கண்ணாடி. மூணு பின்னு ப்ளக்கு. அப்பவும் கை வுடறதுக்கு முன்னாடி ப்ளக்கப் புடுங்கிடு."

"பின்ன பயமில்லல்லா பாய்?"

"கரண்ட்டுக்கு நான் கேரண்டி. மீனு செத்தா என்னாண்ட வராத."

வீட்டுக்கு வந்ததும் பழைய மூடியைக் கழற்றினான். துருவும் பாசியும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. அத்தான் போன நாளிலிருந்து தொட்டி இருட்டாகவே கிடந்தது. காதர் சொன்னபடி ஒவ்வொன்றாக மாட்டி, ஸ்விட்சைப் போட்டான்.

வெள்ளை வெளிச்சம் தண்ணீரின் அடிவரை இறங்கியது.

மீன்கள் எல்லாம் ஒரே மூலையில் இருந்தன. வட்டமாக நின்று, எதையோ கொத்திக்கொண்டிருந்தன.

நடுவில் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு மீனும் அந்த இடத்துக்குள் போகவில்லை.

"பசியில என்னமோ பண்ணுது," என்றாள் மர்சலின். குரல் சன்னமாக இருந்தது.

ஆஸ்வினுக்கு யோசிக்கத் தெம்பில்லை. வேலையை முடித்துவிட்டுத் தரையில் விழுந்தால் போதும். டெஸ்டரை எடுத்து மூடியில் வைத்தான். பிறகு தண்ணீரில் வைத்தான். எரியவில்லை. ப்ளக்கைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டான். லைட் அணைந்தது. ஜன்னலில் சாயங்காலத்து மங்கல் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

"இனி பயமே இல்ல மக்களே. ஊட்டு," என்றான் ஜெசிகாவிடம்.

மூடியைத் தூக்கி, கண்ணாடியை நகர்த்தி, ஜெசிகா கையை விட்டாள்.

"ஐயோ, சில்லுனு இருக்கு மாமா!"

சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன பாப்பா?" என்றாள் மர்சலின். "போதும், கைய எடு."

"எடுக்க வரல மம்மி."

"ஷாக்கா? டேய், ப்ளக்கு! ப்ளக்கு எங்கடா?"

"என் கையிலதான்க்கா இருக்கு!"

மூன்று பின்னும் அவன் உள்ளங்கையில் அழுந்தியிருந்தன.

"ஷாக் இல்ல," என்று கிசுகிசுத்தாள் ஜெசிகா. கண்ணில் நீர் முட்டியது. "அப்பாதான். விட மாட்டேங்கிறாரு."

மர்சலின் மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். ஆஸ்வின் ப்ளக்கை எறிந்துவிட்டு ஜெசிகாவின் தோளைப் பிடித்தான். இரண்டு பேரும் பலம் கொண்ட மட்டும் இழுத்தார்கள்.

அவர்கள் இழுக்க இழுக்க, ஜெசிகாவின் முழங்கை மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.