வேங்கைப்பூ வளைவின் வெள்ளை

2024 ஜூலை 19 காலை, சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில், வேங்கைப்பூ வளைவில் மண் சரிந்து சாலைப் பணியாளர் கர்ணன் இறந்தார்.

அவருடைய பகுதியைச் சக பணியாளர் வேல்பாண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். மலைச் சாலையைப் பணியாளர்களுக்குப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். புதர் வெட்டுவதும், மழைநீர் ஓடும் வாறுகாலில் மண் அள்ளுவதும், ஓரத்துத் தடுப்புக்கற்களுக்கு வெள்ளையடிப்பதும் அவரவர் பொறுப்பு. வேல்பாண்டிக்கு அதுவரை அடிவாரம். அங்கே அவர் காதில் விழுந்ததெல்லாம் மேலே இருந்த கர்ணனின் பெயர்தான். எந்தப் பொறியாளர் வந்தாலும், வேலை என்றால் கர்ணன் பகுதியைப் போய்ப் பார் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொள்வார். பஸ் டிரைவர்கள் அந்த வளைவுகளைக் கர்ணன் ரோடு என்றே சொன்னார்கள். அது வேல்பாண்டி ரோடு ஆக வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான். இழவு வீட்டில் மாலை போட்டபோதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் அவர் போனபோது வளைவு மூடுபனிக்குள் இருந்தது. வாறுகாலில் ஒரு சருகு இல்லை. புதிதாக வெட்டிய ஈர மண்ணின் வாசனை அடித்தது. தடுப்புக்கல்லில் கை வைத்தார். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது.

யாரோ சக ஆட்கள் செய்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார். மறுநாளும் அப்படியே இருந்தது. அடுத்த திருப்பத்தில் மண்வெட்டி கல்லில் உரசும் சத்தம் கேட்டது. அங்கே போனால், சத்தம் அதற்கும் மேலே கேட்டது.

சாலை ஆய்வாளர் ஈஸ்வரபாண்டி பார்வையிட வந்தபோது, எல்லாம் தன் வேலைதான் என்று வேல்பாண்டி சொல்லிக்கொண்டார். ஆய்வாளர் கல்லருகே குத்துக்காலிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏப்பா, கர்ணன் கை அப்படியே இருக்கேய்யா இதுல."

கர்ணன் இடக்கைக்காரர். வெள்ளையடிக்கும் மட்டையை அவர் இழுத்த கோடுகள் இடப்பக்கம் சரிந்திருக்கும். எல்லாக் கற்களிலும் கோடுகள் அப்படித்தான் சரிந்திருந்தன.

ஜீப் போனதும் வேல்பாண்டி ஒவ்வொரு கல்லாகச் சுரண்டினார். வலக்கையால் அழுத்தி அழுத்தி வெள்ளையடித்தார். மறுநாள் காலை கோடுகள் மறுபடியும் இடப்பக்கம் சரிந்திருந்தன.

வேறொருவராக இருந்தால் பயந்திருப்பார். அவருக்கு வயிறுதான் எரிந்தது. செத்தும் விட மாட்டேங்கிறான் என்று, கூட வேலை பார்த்த பவுனுவிடம் சொன்னார்.

ஆயுத பூஜையன்று சாலைப் பணியாளர்கள் கிலோமீட்டர் கல்லுக்குப் பூஜை போடுவார்கள். கல்லைக் கழுவி, வண்ணம் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவார்கள். கடைசியில் சாலைக்குத் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைப்பார்கள். அந்த வருடம் வேங்கைப்பூ வளைவுக் கல்லுக்குப் பூஜை. தானே சுற்றுவதாக வேல்பாண்டி பிடிவாதம் பிடித்தார். மாலை கட்டிக்கொண்டிருந்த பவுனு நிமிரவில்லை.

"கண்ணு வச்ச ஆளு சுத்தக் கூடாதுண்ணே. திரும்பிரும்."

"நான் எவன் மேல கண்ணு வச்சேன்?"

"ஊருக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாதாக்கும்."

பூஜைக்கு வந்திருந்த ஆய்வாளர் சிரித்துவிட்டார். வேல்பாண்டி சிரிக்கவில்லை. காயின் தலையில் கற்பூரத்தை ஏற்றினார்.

உச்சிப் பொழுது. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வளைவை மூடியது. பக்கத்தில் நின்ற ஆய்வாளரின் முகமே மங்கியது. அந்த வெண்மைக்குள் எங்கோ மண்வெட்டி கல்லில் உரசிக்கொண்டிருந்தது. வேல்பாண்டி வளைவைப் பார்த்து நின்று பூசணிக்காயைச் சுற்றினார்.

"இனி இது என் ரோடு. போயிரு."

எறிந்தார்.

உடையும் சத்தம் வரவில்லை.

மண்வெட்டிச் சத்தம் நின்றது.

ஈர மண் வாசனை மூச்சை அடைத்தது. அப்புறம் மூடுபனிக்குள் ஒரு சின்னச் சுடர் தெரிந்தது. கற்பூரம் அணையாமல் எரிந்தது. சுடருக்குக் கீழே பூசணிக்காய் முழுசாக இருந்தது. நெஞ்சுயரத்தில், ஒருவர் ஏந்தி வருவதுபோல, அது மேடேறி வந்தது.

ஏந்திய கை எதுவும் தெரியவில்லை.

"அண்ணே," பவுனு சொன்னார், "நகராதீக."

சுடர் வேல்பாண்டியைச் சுற்றத் தொடங்கியது.

வலப்பக்கமாக அல்ல. இடக்கைக்காரர் சுற்றுவதுபோல, எதிர்ப்பக்கமாக.

மெதுவாக. தலையிலிருந்து கால்வரை தாழ்ந்து, மறுபடி ஏறி.

பிறகு அவர் காலடியில் பூசணிக்காய் உடைந்தது.

மூடுபனி விலகியபோது வேல்பாண்டி நின்ற இடத்திலேயே நின்றார். ஆய்வாளர் தோளைத் தொட்டும் திரும்பவில்லை. சற்று நேரம் கழித்துக் குனிந்து, பைக்குகள் வழுக்கிவிடாதபடி சாலையில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் போட்டார். கர்ணன் இருந்தவரை அதைக் கர்ணன்தான் செய்வார். வேல்பாண்டி செய்து யாரும் பார்த்ததில்லை.

இடது கையால் பொறுக்கினார். பவுனுதான் அதை முதலில் கவனித்தார்.

வேல்பாண்டி இன்றும் அந்தப் பகுதியில்தான் வேலை பார்க்கிறார். வாறுகால் சுத்தமாக இருக்கிறது. இடது கையால் வெள்ளையடிக்கிறார். பஸ் டிரைவர்கள் அதை இன்னமும் கர்ணன் ரோடு என்றே சொல்கிறார்கள். வேல்பாண்டி என்று கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை.