நோஞ்சான் கன்றுகள்

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் குடியிருந்த பூங்குழலி, போலீஸ் கைரேகைப் பிரிவிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். காலைக் காப்பி ஆறுவதற்குள் வெண்மதி வந்து நின்றாள். வல்லத்தில் தனகோட்டியின் தோட்டத்தில் எலுமிச்சை ஆராய்ச்சி செய்கிற பெண். பாவம், அழுது கண் வீங்கியிருந்தது.

“கன்னுங்கள நானே திருடி வித்துட்டேனாம்க்கா. இன்னிக்கே கெளம்பணுமாம். திருடின்னு பேரோட போனா எவன் வேல குடுப்பான்?”

“எந்தக் கன்னு?” என்று முந்திக்கொண்டான் அறிவுமதி. அவளை ஏற்றி வந்த ஆட்டோக்காரன், துப்பு என்றால் சவாரியையும் விட்டுவிடுவான்.

“நம்மூரு எலுமிச்சப் பூவுல, சொறி நோய் அண்டாத வேற மரத்து மகரந்தத்த தொட்டு வெச்சேன். அந்த வித ஒண்ணுலயே ரெண்டு மூணு மொளைக்கும். கொழுத்து வர்றது பெரும்பாலும் தாய் மரத்தோட அச்சு. நோஞ்சானா நிக்கும் பாருங்க, அதுதான் ரெண்டு மரத்துக்கும் பொறந்த புள்ளையா இருக்கும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரின்னு போயிட்டு வந்தா, நோஞ்சான் ஒண்ணுகூட இல்ல!”

மூவரும் வல்லம் போனார்கள். நிழல்வலைக் குடிலின் வாசலிலேயே தனகோட்டி வழிமறித்தார்.

“சாவி என்னாண்ட ஒண்ணு, அவளாண்ட ஒண்ணு. நோஞ்சான்தான் ஒசத்தின்னு எனக்கே நேத்துதான் சொன்னா. பொறுக்கி எடுக்க வேற யாருக்குத் தெரியும்?” பேசியபடியே வாசலில் இருந்த மிளகாய் நாற்றுத் தொட்டியருகே குந்தினார்.

“நர்சரிக்காரன் எவனோ கள்ளச்சாவி போட்டுட்டான்க்கா!” என்றான் அறிவுமதி.

“நீ வண்டி சாவிய மொதல்ல பத்திரமா வையிப்பா,” என்று பூங்குழலி உள்ளே நடந்தார். வரிசையாக நாற்றுப் பைகள்; பைக்கு ஒரு கன்று, காலியான பை ஒன்றுகூட இல்லை. ஓரத்துப் பையைக் கண்டு வெண்மதி நின்றாள். “இதுல கொழுத்ததே ரெண்டு இருந்துச்சே. அதுலயும் ஒண்ணக் காணோம்!”

பூங்குழலி லேசாகச் சிரித்தார். வெளியே வந்து தனகோட்டியின் எதிரே உட்கார்ந்தார்.

“வெவரம் தெரிஞ்ச திருடன் தாயோட அச்ச எதுக்குப் புடுங்கறான்? பையோட தூக்காம, ஒண்ணொண்ணா எதுக்கு இழுக்கறான்? வேரு காஞ்சிடுமே. பைக்கு ஒரு கன்னு வுட்டுட்டுப் போற திருடன் உண்டா? நோஞ்சான் ஒசத்தின்னு தெரியாத ஆளுதாண்ணே இதச் செஞ்சது. அது சரி, உங்க கையில இன்னா?”

தனகோட்டி குனிந்து பார்த்தார். உள்ளங்கையில் இரண்டு மெலிந்த மிளகாய் நாற்று. தொட்டியில் கொழுத்தது ஒன்று மட்டும் நின்றது. பேச்சோடு பேச்சாக அவர் கை வேலையை முடித்திருந்தது.

“அடக்கடவுளே,” என்றார். “வேலையாளுங்க யாரையும் வுடாதீங்கன்னு இவ சொல்லிட்டுப் போனாளேன்னு, நானேதான் தெனம் உள்ள ஒக்காந்து போன் பேசிக்கினு கெடந்தேன்.”

“கொழுத்தத நிறுத்தி மீதியக் கலைச்சி வுட்டது உங்க கைதாண்ணே. சிக்கனக்காரர் நீங்க, புடுங்கின நாத்தக்கூடத் தூக்கிப் போட மாட்டீங்களே, எங்க வெச்சீங்க?”

அவர் எழுந்து ஓடினார். தண்ணீர்த்தொட்டி வழிந்து ஓடும் வாய்க்கால் கரையில், ஈரச் சேற்றில் சின்னச் சின்னக் கன்றுகள். பாதி கருகியிருந்தன. மீதியில் புதுத் துளிர்.

“எது எந்தப் பைன்னு தெரியாதேம்மா,” என்றார் தனகோட்டி.

“மரபணு சோதனைல அதுங்களே சொல்லும், யாரு புள்ளைன்னு.” வெண்மதி சேற்றில் மண்டியிட்டு விரலால் வேரைத் துழாவினாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

தனகோட்டி தோள்துண்டை விரித்துக் கன்றுகளுக்கு நிழல் பிடித்தார். கை வலிக்க நின்றபடியே கேட்டார்.

“இருப்பியாம்மா?”

“மொதல்ல திருடி இல்லன்னு வேலையாளுங்க முன்னாடி சொல்லுங்கண்ணே.”

துண்டை இறக்காமலே அவர் தோட்டத்தின் பக்கம் திரும்பி, எல்லோரையும் வரச்சொல்லிக் கூப்பிட்டார்.