வெயிலில் காய்ந்த தண்ணீர்

காலையிலிருந்து வெயிலில் இருந்த குண்டானுக்குள் தனுஷா கையை விட்டாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. குண்டானின் விளிம்பு தொட முடியாதபடி சுட்டது, சிமெண்டுத் தரை கொதித்தது, பக்கத்தில் காயப்போட்டிருந்த மிளகாயின் நெடி மூக்கில் ஏறியது. தண்ணீர் மட்டும் லேசான ரோஜா நிறத்தில், வெயிலே படாதது போலக் கிடந்தது.

"அண்ணி, தண்ணி காயவே இல்ல. அடுப்புல கொஞ்சம் சுட வச்சிக்கவா?"

கணவனின் அக்கா ஜெயசுதா துணி உதறுவதை நிறுத்தவில்லை.

"அடுப்புத் தண்ணி ஊத்துனா உன்ன மாரியே கறுத்துப் பூடும். வெயில்ல வச்ச ஏரித்தண்ணிதான் நெறம் குடுக்கும். மதியம் பேர் வைக்க தியாகதுருகத்துலேர்ந்து எல்லாரும் வர்றாங்க. புள்ளையப் பாத்து மூஞ்சி சுளிக்கணுமா?"

தனுஷா காலை நீட்டி, முப்பது நாள் மகளைக் கால்மேல் கிடத்தி, ஊற்றினாள். அவ்வளவு குளிருக்கும் குழந்தை அழவில்லை. கண் கூசாமல், இமைக்காமல், சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து நாளாகப் பால் குடிக்கவில்லை. மார்பு கல்லாய்க் கட்டி வலித்தது. ஆனால் குழந்தை கனத்துக்கொண்டே போனது. ரோஜா நிறமும் ஏறிக்கொண்டே வந்தது.

"உன் பால் யாருக்கு வேணும்?" என்று அண்ணி நேற்றுகூடச் சிரித்தாள்.

போன வாரம் ஏரிக்கரையில், கல்வராயன் மலையிலிருந்து வந்து கல்லூரியில் படிக்கும் தமிழ்ப்ரியா என்ற பெண் தண்ணீரைச் சின்னப் புட்டிகளில் பிடித்துக்கொண்டிருந்தாள். எதற்கென்று தனுஷா கேட்டாள்.

"இதுல கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்குதுக்கா. வெளிச்சத்தத் தின்னு வாழும். நம்ம கண்ணுக்குள்ள வெளிச்சத்தப் புடிக்கிற பொருள் இருக்குதில்ல, அதே பொருள்தான் அதுங்ககிட்டயும். பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது."

தனுஷா குழந்தையைத் துடைத்தாள். துணியில் ஈரமே இல்லை. கன்னம் குண்டான் தண்ணீரைப் போலச் சில்லிட்டிருந்தது.

உள்ளே தூக்கிப் போனாள். வெயில் கிடைக்காவிட்டால் பசிக்கும், பசித்தால் தன் பாலைத் தேடும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கதவைத் தாழிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். கதவிடுக்கில் நுழைந்த வெயில் கீற்றின் பக்கம் குழந்தையின் தலை மெல்லத் திரும்பியது. கழுத்து நிற்காத குழந்தை. புடவையைச் சுருட்டி இடுக்கை அடைத்தாள். தலை டியூப்லைட் பக்கம் திரும்பியது. விளக்கின் ரீங்காரம் இழுத்து இழுத்துத் தேய்ந்தது. ஓரங்கள் கறுத்தன. அணைந்தது.

இருட்டு. பால் வாசனை. சின்ன வாய் சப்புக்கொட்டும் சத்தம்.

பசிக்கிறது. தனுஷா ரவிக்கையைத் தளர்த்தினாள். வாய் எங்கே என்று பார்க்க செல்போனைத் தட்டினாள்.

வாய் மூடியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவை செல்போனைப் பார்க்கவில்லை.

அவள் கண்களைப் பார்த்தன.

கண்ணுக்குள் குளிர்ந்தது. இழுத்தது. வலிக்கவில்லை.

செல்போன் கையில் சூடாகத்தான் இருந்தது. வெளிச்சம் இல்லை.

கதவு இடிபட்டது. தடவித் தடவித் தாழை நீக்கினாள். முகத்தில் உச்சிவெயில் சுட்டது. எதுவும் தெரியவில்லை.

"பட்டப்பகல்ல இன்னாடி கதவ சாத்திக்கினு? குடு புள்ளைய." கை லேசானது. "ஐய, இன்னா நெறம்! உங்கம்மா கருப்பு உனுக்கு வேணாம்டி தங்கம். அத்தையப் பாரு. கண்ண நல்லாத் தொறந்து பாரு."

பாக்காதீங்க அண்ணி. சொல் நாக்கு வரை வந்தது.

தனுஷா வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"தனுஷா… வெயிலு எங்கடி பூட்ச்சி?"

குழந்தை ஏப்பம் விட்டது. வாசலில் வேன் வந்து நின்றது. செருப்புகள் கழன்றன. வளையல்கள் குலுங்கின. பத்துப் பதினைந்து குரல்கள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தன.

"எங்க புள்ள? காட்டுங்க, காட்டுங்க… எல்லாரும் பாக்கணுமில்ல!"