காப்புக் கயிறு

கூதிர்க்காலம் காவிரிக் கரையைப் போர்த்திக் கிடந்தது. கதிரவன் முகங்காட்டாத பகல்கள். நனைந்த கோபுர மாடங்களில் புறாக்கள் ஒடுங்கியிருந்தன. கோயில் மணியின் ஓசையும் ஈரம் சுமந்து மெல்லவே வந்தது. அக்குளிர் புகாத ஓரிடம் மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைகள் பிரிவு. கண்ணாடிப் பேழைகளுள் உள்ளங்கை அளவு உயிர்கள் வெதுவெதுப்பில் உறங்கின.

அவற்றின் குருதியைக் கண்காணித்தது தடங்காணி என்னும் கருவி. கிருமி புகுந்த மாத்திரத்தில் அது ஒலிக்கும். மறுநாள், அக்கிருமி எவருடைய தோலிலிருந்து வந்ததென்றும் உரைக்கும். ஒவ்வொருவர் தோலிலும் குடியிருக்கும் கிருமிக்கூட்டம் கைரேகை போலத் தனித்ததன்றோ! அப்பெயரைச் சுவர்ப்பலகையில் ஒளிரச்செய்யும்படி வற்புறுத்தியவள் தலைமைச் செவிலி மங்கையர்க்கரசி. "பேர் வெளிய வந்தாத்தான் ஒழுங்கா கை கழுவுவாங்க" என்றாள். அவ்வாறே நடந்தது.

நேற்று செவந்தியின் மகனுக்குத் தடங்காணி ஒலித்தது. உடனே மருந்து ஏற்றினார்கள். நாள்தோறும் அவனை வெறும் மார்பில் அணைத்துக் கிடப்பவள் தாய்தானே? கிருமி அவளிடமிருந்தே வந்ததென்பதில் மங்கையர்க்கரசிக்கு ஐயமே எழவில்லை.

"தலையில பூ வெச்சுட்டு வந்தேல்ல?"

"வாசல்லயே எடுத்துப் போட்டுட்டேன் சிஸ்டர். முழங்கை வரைக்கும் கழுவினேன், சத்தியமா."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. பேர் வர்ற வரைக்கும் வெளிய இரு."

கண்ணாடிக்கு அப்பால் செவந்தி நின்றே இரவைக் கழித்தாள். தாயின் மார்புச் சூட்டை இழந்த மகவு சிணுங்கவும் வலுவின்றிச் சுருண்டது.

இன்று பெயர் வந்தது. மருத்துவர் பெனாசிர் தடங்காணியின் திரையை மறைத்து நின்றாள்.

"அக்கா... உங்க பேரு."

"என் பேரா? தோல் உரியறாப்புல கழுவுறவ நான்!"

பெனாசிரின் பார்வை அவள் அங்கியின் கைவிளிம்பில் பதிந்தது. அதனுள்ளே மஞ்சள் தோய்ந்த காப்புக் கயிறு. செவந்தியின் பிள்ளை பிழைக்கவென்றே அம்மன் சன்னதியில் அவள் நேர்ந்து கட்டிக்கொண்டது. முழங்கைக்குக் கீழே வளையலும் ஆகாதென விதித்தவள் அவளே. அம்மன் கயிறு வளையலாகுமா என்று தனக்கு மட்டும் விலக்களித்துக்கொண்டாள். கண்டவர்களும் பக்தியென்று வாய்மூடினார்கள். கழுவுந்தோறும் நீர் நூலில் ஊறியது. ஊறிய நூலில் தழைத்த கிருமி, மருந்தேற்றும் கைவழியே பிள்ளையை எட்டியது.

"பலகைல போட வேணாங்க்கா. கருவி தப்புன்னு எழுதிடறேன். யார் கேக்கப் போறா?"

"அப்ப அந்தப் பொண்ணு?"

பெயரில்லாப் பழி யார்மேல் தங்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

மங்கையர்க்கரசியே விசையை அழுத்தினாள். தான் கேட்டுப் பெற்ற பலகையில் தன் பெயர் எரிந்தது. இளஞ்செவிலியர் தலைகுனிந்தனர். அவள் வெளியே சென்றாள்.

"என் கையாலதாம்மா வந்துச்சு. உன்மேல தப்பில்ல. மன்னிச்சுரு."

செவந்தி கண்ணாடிக்குள் மகனை நோக்கினாள்.

"என் புள்ளைய எப்பத் தருவீங்க?"

"இப்பவே."

தாயின் மார்பில் மகவைக் கிடத்தியவள் பெனாசிரே. மங்கையர்க்கரசி எட்டி நின்றாள். பிறகு கத்தரியால் கயிற்றை அறுத்தாள். ஒருகணம் கண்ணில் ஒற்றிக்கொள்ள உயர்ந்த கை பாதியில் நின்றது. கிருமிக் கழிவுத் தொட்டியிலேயே அதை இட்டாள். குழாயைத் திறந்து, ஐந்தெழுத்தை உதடசையாது ஓதியபடி, திருமேனியை நீராட்டுவது போல விரல் விரலாகக் கழுவினாள். கழுவி முடித்தும் அங்கேயே நின்றாள்.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க?" என்றாள் செவந்தி. "அடுத்த மருந்த நீங்களே வந்து ஏத்துங்கக்கா. உங்க கை நல்லாருக்கணும்."