டை கட்டிய பொய்

மழை வந்தது, காற்றில் குடை கவிழ்ந்தது, கவிழ்ந்த குடையின் கம்பி அவனுடைய டையைப் பற்றிக்கொண்டது!

"அய்யோ... அசையாதீங்க, கிழிஞ்சிடும்!"

பேருந்து நிறுத்தத்தில் நின்ற தையல் ஆசிரியை ஒருத்தி, தன் குடைக் கம்பியை விடுவித்தபடி நிமிர்ந்தாள். மழை கழுவிய கண்கள்... ஐம்பதைக் கடந்த நெஞ்சையும் தடுமாற வைக்கும் கண்கள்!

"அழகான முடிச்சு. ஆபீசரா?"

"ஆமாங்க... ஆபீஸ்தான்."

பொய்! முன்பு விற்பனை மேலாளராக இருந்தவன்தான். மனைவி நோயில் கிடந்து மடிந்த நாட்களில், அவளைக் குளிப்பாட்டிய மருத்துவமனை ஊழியரின் கைகளில் கருணையைக் கண்டான். "எனக்கும் அந்தக் கைகளைக் கொடு" என்று இறைவனிடம் இறைஞ்சினான். கிடைத்தது பயிற்சி; கிடைத்தது நீலச் சீருடை. ஆனால் இறைவனிடம் கேட்கத் தெரிந்த வாய்க்கு, அண்டை வீட்டாரிடம் சொல்லத் தெரிந்ததா? இல்லை! டை கட்டிப் புறப்பட்டான். மருத்துவமனைக் கழிப்பறையில் அவிழ்த்தான். மாலையில் மீண்டும் கட்டினான். முதுகெலும்பு செய்ய வேண்டிய வேலையை ஒரு முழத் துணி செய்துகொண்டிருந்தது!

அன்று முதல் காலைதோறும் பேச்சு.

"டைக்காரரே, இன்னிக்கு கலர் சரியில்ல."

"நாளைக்கே மாத்திடுறேன்... நீங்க வருவீங்கல்ல?"

பிறகு சில நாட்கள் அவளைக் காணவில்லை. கண்டது அவனுடைய வார்டில்! பக்கவாதத்தில் விழுந்த தந்தையின் கட்டிலருகே...

முகமூடியை மேலே இழுத்துக்கொண்டான். அவள் வெளியே சென்றதும் பெரியவரைத் துடைத்தான், சவரம் செய்தான், உணவூட்ட மார்பில் துணி கட்டினான். விரல்கள் பழக்கத்தில் போட்டுவிட்டன, டை முடிச்சை!

திரும்பி வந்தவள் முடிச்சைத் தொட்டாள்.

"முகமூடியைக் கழட்டுங்க, டைக்காரரே."

கழற்றினான். தலை கவிழ்ந்தது.

"இந்த வேலைன்னு தெரிஞ்சா ஓடிடுவேன்னு நெனச்சீங்களா? என்னை அவ்வளவு மட்டமாவா எடை போட்டீங்க?"

"உங்களை இல்லைங்க... என்னைத்தான்."

"எங்கப்பா முகம் தெளிஞ்சிருக்கு. அந்தக் கைக்கு நன்றி. ஆனா பொய் சொன்ன வாய்கிட்ட எனக்குப் பேச்சே கிடையாது!"

வேலையைக் கண்டு வெட்கியவன், அன்று தன் வெட்கத்தைக் கண்டே வெட்கினான். இரவு மண்டியிட்டான். கேட்டு வாங்கிய வரத்தை ஒளித்து வைத்தவன், எந்த முகத்தோடு இன்னொன்று கேட்பான்?

மறுநாள் மழையில், நீலச் சீருடையோடு நிறுத்தத்துக்கு வந்தான். பக்கத்து வீட்டுக்காரர் வாய் பிளந்தார்.

"என்ன சார் இது, வேஷம்?"

"இதுதான் சார் நெஜம். வேஷத்தை வீட்ல கழட்டி வச்சிட்டேன். ஆஸ்பத்திரியில நோயாளிங்களைக் குளிப்பாட்டுறேன்."

காது சிவந்தது, ஆயினும் சொல்லி முடித்தான். ஓரமாக ஒரு குடை மெல்ல உயர்ந்தது... அதே கண்கள்!

"கழுத்து வெறிச்சுன்னு இருக்கு, டைக்காரரே."

"இன்னொன்னும் மறைச்சிட்டேங்க..."

"அதென்ன?"

"முந்தின பஸ்லயே நான் போயிடலாம். தினமும் அதை விட்டுட்டு நின்னது... உங்களுக்காகத்தான்."

பேருந்து வந்தது. குடை அவன் பக்கம் சாய்ந்தது.

"இந்த பஸ்ஸை விடாதீங்க. அப்பா உங்க கைக்காகக் காத்திருப்பார்..." அவள் குரல் தாழ்ந்தது. "நானுந்தான்."