கடைசிப் பதினாறு பக்கம்

"இங்க லூர்துராணிங்கிறது யாருங்க?"

கேட்டவன் தலையிலிருந்து சொட்டுச் சொட்டாக மழை. சட்டைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். ஆள் முழுக்க நனைந்திருந்தான். புத்தகத்தில் ஈரமே இல்லை. இவ்வளவு கோபத்திலும் புத்தகத்தை நனையவிடாத ஆளா... என்று மேசைக்குப் பின்னால் நின்றவளுக்குத் தோன்றியது.

"நான்தான். சொல்லுங்க."

அவன் திகைத்துப் போனான். கண்ணாடி போட்ட, நரைத்த டீச்சரம்மா ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு சண்டைக்கு வந்திருந்தான். எதிரே நின்றதோ இளம்பெண். விரலெல்லாம் மை. எதிராளி யாரானாலும் நேராகப் பார்க்கிற பெரிய கண்கள். வழிநெடுக யோசித்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ...

"நீங்களா... இந்தப் பொய்யை எழுதினது?"

தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த அந்தப் பதிப்பகத்தில் தீபாவளிக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுத்துக் கோக்கிறவர், பைண்டு செய்கிறவர், புரூஃப் பார்க்கிறவர் என்று வேலை செய்யும் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைக் கடையின் முன்னால் வைக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அட்டை. அதில் சொந்தக் கையெழுத்தில் இரண்டு வரி. 'அச்சுப் போட்டவங்களே சொல்றாங்க' என்று ஊர்க்காரர்கள் நம்பி வாங்குவார்கள். புரூஃப் பார்க்கும் லூர்துராணி இந்த வருஷம் ஸ்ரீரங்கத்து அம்மாள் ஒருவர் எழுதிய புது நாவலை வைத்திருந்தாள். 'இந்தப் பெண் கடைசிவரை யாருக்கும் தலைகுனிய மாட்டாள். என் பேச்சை நம்பி வாங்கலாம்' என்று எழுதியிருந்தாள்.

"என்ன பொய்யைக் கண்டீங்க?"

"கடைசியில அவ அப்பா கால்ல விழுந்து அழுதுட்டு, வேண்டாம்னு சொன்ன மாமன் மகனுக்கே கழுத்தை நீட்டுறா! இதுக்குப் பேரு தலைகுனியாததா? தரையிலயே கெடக்குறா!"

"இருக்கவே இருக்காது."

"படிச்சுத்தான் பாருங்களேன்!"

நின்றபடியே படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் வெளுத்தது.

அச்சகத்தில் புத்தகம் மொத்தமாக வருவதில்லை. பதினாறு பதினாறு பக்கமாக, ஒவ்வொரு ஃபாரமாகத்தான் வரும். கடைசி ஃபாரம் வந்தபோது லூர்துராணி காய்ச்சலில் கிடந்தாள். அதைப் பார்த்தவர் பக்கத்து மேசை அம்மாசி. அதற்கு முன்னால் வந்த ஒவ்வொரு காற்புள்ளியையும் திருத்தியவளுக்கு, கதையில் வரும் பெண் கடைசியிலும் நிமிர்ந்தேதான் நிற்பாள் என்று அத்தனை உறுதி. முக்கால் புத்தகத்தைப் படித்துவிட்டு முழுதும் படித்ததாக நம்புவது புரூஃப் பார்ப்பவர்களுக்கென்றே வரும் வியாதி.

"மன்னிச்சிடுங்க. இந்தப் பக்கம் என் கைக்கே வரலை. வராததுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கக் கூடாது."

இப்படிச் சட்டென்று ஒப்புக்கொள்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கோபம் இறங்கியது.

"எனக்குன்னா விட்டுடுவேங்க. இது என் தங்கச்சிக்கு வாங்கினது. டீச்சர் டிரெய்னிங் போறேங்கிறா. வீட்டுல அத்தை மகனைக் கட்டிக்கோங்கிறாங்க. இத்தனை நாளும் மாட்டேன்னு நின்னவ, இதைப் படிச்சு முடிச்சுட்டு, 'இவளாலயே முடியலை, நான் எம்மாத்திரம்'னுட்டா..."

அவன் பெயர் அற்புதசாமி. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன்.

லூர்துராணி புத்தகத்தை மூடினாள். நேரே உள்ளே போனாள். முதலாளி பிச்சமுத்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த முடிவை மாத்தினது யாருங்க?"

"நான்தாம்மா மாத்தச் சொன்னேன். அந்தம்மா எழுதினபடி விட்டா பொண்ணு பெட்டியைத் தூக்கிட்டு வேலைக்குக் கிளம்பிடுறா. நாலு குடும்பம் வாங்குற புத்தகமில்லையா? மாத்திக் குடுங்கன்னேன், குடுத்துட்டாங்க. உனக்கென்ன அதுல?"

'என் பேரு இருக்கே அதுல!' என்று மனம் கத்தியது. விடுவிடென்று திரும்பி வந்தாள். அட்டையைக் கிழித்தாள். அற்புதசாமி பார்த்துக்கொண்டிருக்க, புதிதாக ஒன்று எழுதி வைத்தாள்.

'கடைசிப் பதினாறு பக்கத்தைப் படிக்காதீர்கள். அதற்கு முன்னால் இருப்பவளை நம்புங்கள். – லூர்துராணி.'

அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். பிறகுதான் பயந்தான்.

"வேலை போயிடுங்க..."

"போகட்டுமே."

"பயமே இல்லையா உங்களுக்கு?"

"இல்லாம என்ன? அதான் எழுத்து கோணலா வந்திருக்கு."

அவன் அந்த அட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் பார்த்தான்... பிறகு மழையில் இறங்கிப் போனான். போனவனுடைய ஈரக் கால்தடம் தரையில் காய்கிறவரை அவளுக்குப் புரூஃபில் ஒரு பிழையும் கண்ணில் படவில்லை.

அன்று மாலையே முதலாளி சொல்லிவிட்டார். காலையில் பழைய வாசகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவள் வர வேண்டாம்.

வீட்டில் அப்பா பாக்கியநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் அவர்கிட்ட கெஞ்சி வாங்கின வேலைம்மா. ரெண்டு வரிதானே... எழுதிட்டுப் போயேன்!"

"கெஞ்சினது நீங்க. கையெழுத்து என்னுதுப்பா."

மறுநாள் அவள் கடைக்குள் நுழைந்தபோது அந்த நாவலின் பக்கத்தில் அட்டை தயாராக இருந்தது. பழைய வாசகம். வேறு யாருடைய கையெழுத்தோ. கீழே அவள் பெயர்! கடை நிறையக் கூட்டம். லூர்துராணி யாரையும் பார்க்கவில்லை. அதை உருவி எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"வெளியே போ!" என்று கத்தினார் பிச்சமுத்து.

அப்போதுதானா அவன் வந்து நிற்க வேண்டும்!

"ஐயா... எல்லாம் என்னாலதாங்க வந்தது. ஏதோ தெரியாமப் பண்ணிட்டாங்க. அவங்களுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்..." என்று அற்புதசாமி கைகூப்பினான்.

லூர்துராணியின் கண்கள் சிவந்தன. "தெரியாமயா? தெரிஞ்சுதான் பண்ணினேன்! எனக்காக மன்னிப்புக் கேக்க நீங்க யாருங்க?"

சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கிவிட்டாள். மெயின்கார்ட் கேட் பஸ் ஸ்டாப்பில் ஸ்ரீரங்கம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பின்னாலேயே ஒருவன் ஓடி வந்து தொற்றிக்கொண்டான். யாரென்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

"ஸ்ரீரங்கத்துல என்னங்க?" கம்பியைப் பிடித்தபடி மெல்லக் கேட்டான்.

"நாவல் எழுதின அந்தம்மா இருக்காங்க. முதல்ல எப்படி முடிச்சாங்கன்னு அவங்க வாயால கேக்கணும்."

"எனக்கும் கேக்கணும். தங்கச்சிகிட்ட உங்க அட்டையைப் பத்திச் சொன்னேன். சிரிச்சா பாருங்க... சாப்பாட்டுக்கு உக்காந்த எடத்துலயே அம்மாகிட்ட மறுபடியும் மாட்டேன்னுட்டா. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன். வந்த இடத்துல உளறிட்டேன்."

கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை அவள் விடுவதாக இல்லை.

"எங்கப்பா எனக்காகக் கெஞ்சினாரு. அன்னிலேர்ந்து அந்தக் கெஞ்சலுக்கும் சேர்த்து நான் தலையாட்டணுங்கிறாங்க. நீங்களும் அதையே பண்ணினா?"

"தப்புதாங்க. வேலை போயிடுமேன்னு..."

"போகட்டும்னு நேத்தே சொன்னேனே!"

"நீங்க சொல்லிட்டீங்க. என்னாலதான் தாங்க முடியலை."

"உங்களுக்கு ஏன் தாங்கலை?"

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. கீழே செந்நிறத்தில் கரைகொள்ளாத வெள்ளம். காற்று மழையை அள்ளி உள்ளே வீசியது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஏன்னா... உங்களைப் பிடிச்சிருக்கு."

முன் சீட்டு மாமி ஒருவர் படக்கென்று திரும்பிப் பார்த்தார். லூர்துராணிக்குக் காது மடல்வரை சுட்டது. ஆனாலும் முகத்தை அவள் மறைத்துக்கொள்ளவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க. காத்துல கேக்கலை."

"கேட்டுதுங்க உங்களுக்கு!"

"கேட்டுதுதான். இன்னொரு தடவை கேக்கணும் போல இருக்கு."

சொன்னான். பஸ்ஸுக்கே கேட்டது. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அப்ப நானும் சொல்லிடுறேன்," என்றாள் லூர்துராணி. குரல் கொஞ்சம் நடுங்கியது; பார்வை நடுங்கவில்லை. "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப..."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "நாளைக்கே வரேங்க! உங்கப்பா கால்ல விழுந்தாவது..."

"விழக் கூடாது! எங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க பக்கத்துல நிமிர்ந்து நில்லுங்க, போதும்."

"வேலையும் போச்சு, இப்ப இது வேறயான்னு கேப்பாரே?"

"கேப்பாரு," என்றாள் அவள். "ஆமாப்பா, இதுவும்தான்னு சொல்லுவேன்."